கேட்டதெல்லாம் கொடுத்த ராஜாவும் நானும்

இதை எழுதாமலே விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். எழுதுகிற அளவுக்கு நான் படித்தவன் இல்லை. பள்ளிக்கூடத்தில் எனக்குச் சொல்லிக்கொடுத்தது மலையாளம். அதுவும் ஆறாம் வகுப்போடு நின்றது. வாத்தியாரின் குடையை விரித்து எருமைக் கொம்பில் கட்டிவிட்டது நான்தான் என்று யாரோ காட்டிக்கொடுத்துவிட்டார்கள். தமிழ் எழுத்தை நானாகக் கூட்டிக் கூட்டிப் படித்தது பேசும் படம் காட்டுகிற டாக்கிக் கொட்டகையில் விற்கிற பாட்டுப் புத்தகங்களில். அதனால் நடுவே எங்காவது என் தமிழ் ராகம் இழுத்தால் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த தோட்டத்துக் கூட்டாளி ஒருவன்தான் விடவில்லை. அதிகம் பேசாதவன். மாடுகளிடம் பேசுவதில் பாதிகூட மனிதரிடம் பேசமாட்டான். அவனே வாயைத் திறந்து, "ஊரெல்லாம் கதை நாயம் அளக்கறயல்லொ, அதை மட்டும் ஏன்டா ஒருத்தருகிட்டயும் சொல்ல மாட்டேங்கறே? சொல்ல முடியலீன்னா எழுதித் தொலை" என்றான். கடலைக்காய் பறித்து முடிந்து கையும் சும்மா இருக்கிறது. எழுதித் தொலைக்கிறேன்.

எங்கள் ஊர் மலையாளச் சீமைச் சித்தூருக்குக் கிழக்கே, வண்டி கட்டினால் ஒன்றரை மணி நேரம். போன வருடம் மாசி மாதம் சித்தூரில் பனையோலைக் கொட்டகை போட்டு டாக்கி ஓட்டினார்கள். பழங்காலத்து ராஜா கதை, ஐம்பது பாட்டு என்று மாட்டுவண்டியில் தட்டி கட்டித் தப்பட்டை அடித்துக்கொண்டு ஊர் ஊராகச் சொல்லிப் போனார்கள். என் மாமா, அதாவது என் அம்மாவின் அண்ணன், அந்தத் தட்டியை வாசலில் நின்று ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். "ஞாயித்துக்கெழம மத்தியான ஆட்டத்துக்கு எல்லாரும் போலாம்" என்றார். எல்லாரும் என்றால் மாமா, அத்தை, அவர்களுடைய ஒரே மகள், வண்டி ஓட்ட என் கூட்டாளி, அப்புறம் கூப்பிடாமலே ஏறிக்கொண்ட நான். என் அம்மா வரவில்லை. துணியில் மனிதன் பேசினால் அது பேய் என்பது அவள் கட்சி.

மாமன் மகள் என்றால் எங்கள் பக்கத்தில் கட்டிக்கொள்கிற முறை. நாங்கள் இருவரும் நடக்கப் பழகின நாளிலிருந்தே ஊர் அப்படித்தான் பேசும். முறைப்பெண்ணைக் கேலி செய்ய யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. கேலி செய்யாவிட்டால்தான் இவனுக்கு என்ன கோளாறு என்பார்கள். அந்த உரிமையை ஒரு நாள்கூட நான் வீணாக்கியதில்லை.

அன்று அவள் கிளிப்பச்சையில் புதுச் சேலை கட்டி வந்திருந்தாள். வண்டியில் ஏறினதுமே ஆரம்பித்தேன்.

"ஏம் புள்ளெ, கம்பங்காட்டுல கிளி முடுக்கப் போறப்ப இந்தச் சீலையக் கட்டிராதே. ஒறம்பரைச் சொந்தம் வந்திருக்குதுன்னு அத்தனை கிளியும் உன்ற தோள் மேல வந்து உக்காந்துக்கும்."

"உக்காரட்டுமுங்க மச்சான். கிளி சொன்னதையேதான் திருப்பித் திருப்பிச் சொல்லும். உங்களைக் கேட்டுக் கேட்டு எனக்கு அது பழக்கந்தானுங்க."

மாமா மீசைக்குள் சிரித்தார். அத்தை, "வேணும், நல்லா வேணும்" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். கூட்டாளி மாட்டின் முதுகைத் தட்டிக்கொடுத்தான்; அந்தத் தட்டு எதற்கு என்று மாட்டுக்குத் தெரியவில்லை.

கொட்டகைக்குள் ஆணுக்கு ஒரு பக்கம், பெண்ணுக்கு ஒரு பக்கம், நடுவே மூங்கில் தட்டி. வெளிச்சம் வராமல் வாசல்களில் கறுப்புத் துணி தொங்கவிட்டிருந்தார்கள். ஆனாலும் மாசி வெயில் ஓலை ஓட்டைகளில் புகுந்து வெள்ளைத் திரையில் பொட்டுப் பொட்டாக விழுந்தது. ராஜா சிம்மாசனத்தில் வந்து உட்கார்ந்ததும் ஒரு வெயில் பொட்டு சரியாக அவர் மூக்கின் மேல் நின்றது. நேரம் ஆக ஆக மூக்கிலிருந்து காதுக்கு நகர்ந்தது. ராஜா அதைக் கவனிக்காமல் பாடிக்கொண்டிருந்தார்.

அந்த ராஜா எந்தக் காலத்தவர், எந்த நாட்டவர் என்று எனக்குத் தெரியாது. எடுத்தவர்களுக்கும் தெரிந்திருக்காது. அரண்மனைத் தூணில் ஒரு கடிகாரம் மாட்டியிருந்தார்கள். அதன் நாக்கு இப்படியும் அப்படியும் ஆடியது. அந்தப்புரத்துப் பெண்கள் துரைசானிகள் மாதிரி தோளில் பொம்மென்று நிற்கிற வெல்வெட்டு ரவிக்கை போட்டிருந்தார்கள். சிப்பாய்கள் கையில் வேலும் கேடயமும், காலில் கான்வாசு சோடு. நந்தவனம் முழுக்கத் தொட்டிச் செடிகள். அதற்குப் பின்னால் துணியில் வரைந்த ஒரு மலை. காற்றடித்தபோதெல்லாம் மலை மடிந்து விரிந்தது.

ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் வாயைப் பிளந்துகொண்டுதான் பார்த்தேன். அந்த ஊரில் யாரும் பேசுவதே இல்லை. பசித்தால் பாட்டு, தூக்கம் வந்தால் பாட்டு. எதிரி கோட்டை வாசலுக்கு வந்துவிட்டான் என்று மந்திரி ஓடிவந்து சொல்கிறார், அதையும் பாட்டிலேயே சொல்கிறார். ராஜா முழுப் பாட்டையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, அப்புறம் தன்னுடையதைத் தொடங்கினார். எதிரி அதுவரை வாசலில் பொறுமையாக நின்றிருப்பான் போலிருக்கிறது. நம் ஊர் பேய்க்காற்றிலும் புழுதியிலும் உழுதுவிட்டு வந்தவனுக்கு, அப்படி ஒரு காலம் இருந்திருந்தால் என்ன கெட்டுவிட்டது என்று தோன்றியது.

கதை இதுதான். யார் எதைக் கேட்டாலும் இல்லையென்று சொல்வதில்லை என அந்த ராஜாவுக்கு ஒரு விரதம். கேட்டவுடன் எழுந்து நிற்பார். வலது கையை உயர்த்துவார். "கொடுத்தோம்!" என்பார். உடனே ஒரு பாட்டு. யானையைக் கேட்டார்கள், கொடுத்தோம். குதிரையைக் கேட்டார்கள், கொடுத்தோம். தேர், குடை, கிரீடம் எல்லாம் போய், ராஜா துண்டோடு நடந்து பாடிக்கொண்டிருந்தார்.

தட்டிக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி நான் குரல் கொடுத்தேன். "எல்லாத்தையும் குடுக்கறான், அந்தக் கெடியாரத்தை மட்டும் குடுக்க மாட்டேங்கறான் பாருங்க!"

பெண்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது. அந்தக் கூட்டத்தில் அவள் சிரிப்பு எனக்குத் தனியாகத் தெரியும். மூக்கில் தொடங்கும், அடக்கப் பார்ப்பாள், முடியாமல் தொபுக்கென்று வெளியே விழும். முகம் தெரிய வேண்டியதில்லை. அந்தச் சத்தம் போதும் எனக்கு. வாசலில் நின்றவன், "மிண்டாண்டெ இரிக்கடா!" என்று மலையாளத்தில் வாயை மூடச் சொல்லி அதட்டினான். மிண்டாமல் நான் அடுத்ததற்குத் தயாரானேன்.

கடைசியில் ராஜாவிடம் மிச்சமிருந்தது அவருக்கென்று நிச்சயித்திருந்த ராஜகுமாரி மட்டும்தான். ஒரு முனிவர் வந்தார். தாடி ஒரு பக்கம் ஒட்டாமல் தொங்கியது. அந்தப் பெண்ணை என் சீடனுக்குக் கொடு என்றார். ராஜா எழுந்தார். கண்ணில் தண்ணீர். கை மெதுவாக உயர்ந்தது. "கொடுத்தோம்!" ராஜகுமாரி தூணைக் கட்டிக்கொண்டு பாட ஆரம்பித்தாள். கொட்டகை முழுக்க மூக்கை உறிஞ்சுகிற சத்தம். நாலு பேர் அழுகிற இடத்தில் என் வாய் சும்மா இருக்காது.

"யோவ் ராசா! அந்தப் புள்ளைய ஒரு வார்த்தை கேட்டியாய்யா?"

அழுகையை அப்படியே விட்டுவிட்டுக் கொட்டகை கொல்லென்று சிரித்தது. மாமாவும் சிரித்துக்கொண்டே என் தொடையில் ஒன்று வைத்தார். தட்டிக்கு அந்தப் பக்கமும் ஒரே சிரிப்பு. நான் தேடின சிரிப்பு மட்டும் அதில் இல்லை.

முடிவில் எல்லாம் சோதனை என்று தெரிந்தது. முனிவர் தாடியைக் கழற்றிவிட்டுக் கடவுளானார். யானை வந்தது, குதிரை வந்தது, ராஜகுமாரியும் வந்தாள். வானத்திலிருந்து பூ விழுந்தது. திரையின் ஓரத்தில் பூத் தூவுகிறவனின் கை தெரிந்தது. மணிக்கட்டில் தாயத்துக் கயிறு. "தேவலோகத்துலயும் கூலிக்கு ஆளு வெச்சிருக்கறாங்க!" என்று கத்தினேன். அதற்கு அவள் சிரித்தாள். எனக்கு நிம்மதியாக இருந்தது.

வெளியே வந்ததும் பாட்டுப் புத்தகம் ஒன்று வாங்கினேன். "சித்த பாத்துட்டுத் தரட்டுங்களா?" என்று அவள் கையை நீட்டினாள். நான் நடுத்தெருவில் நின்று வலது கையை உயர்த்தினேன். "கொடுத்தோம்!"

திரும்புகிற வழியில் மாமாவும் அத்தையும் உட்கார்ந்தபடியே தூங்கி விழுந்தார்கள். பொழுது சாய்கிற வெளிச்சத்தில் அவள் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, எழுத்துக்கூட்டாமல் மளமளவென்று படித்தாள். அவளும் தமிழைத் தானாகக் கற்றவள்தான். ஆனால் என்னைவிடக் கெட்டி.

"ஏனுங்க மச்சான், அந்தக் காலத்துல நெசமாவே இப்பிடிப் பாடீட்டேதான் இருந்திருப்பாங்களா?"

"பின்னே? உங்கய்யன் மாட்டை வாய்க்கு வந்தபடி வையறது, எங்கம்மா என்னைய வையறது, எல்லாம் பாட்டுத்தான்."

ஒரு பக்கத்தைப் புரட்டிவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "நீங்க கத்துனீங்கல்லொ, அந்தப் புள்ளைய ஒரு வார்த்தை கேட்டியான்னு."

"ஏன், நல்லா இல்லியா?"

"நெசமாவே அவரு கேக்கலீங்க. ஆனையக் கேக்க வேண்டாம், குதிரையக் கேக்க வேண்டாம். அவளைக் கேட்டிருக்கோணுமல்லொ?"

"கேட்டிருந்தா அதுக்கும் அவ ஒரு பாட்டுப் பாடியிருப்பா. நாம நாளைக்குத்தான் ஊடு போய்ச் சேந்திருப்போம்."

அவள் சிரிக்கவில்லை. புத்தகத்துக்குத் திரும்பிக்கொண்டாள். கூட்டாளி மாட்டை அதட்டுகிற சாக்கில் தலையைத் திருப்பி என்னை ஒரு பார்வை பார்த்தான். அதற்கு நாக்கைத் துருத்திக் காட்டினேன். என்னிடம் அந்த நாளில் இருந்த ஆயுதம் அது ஒன்றுதான்.

அடுத்த நாளிலிருந்து நான்தான் ராஜா. யாராவது மண்வெட்டி கேட்டால் கொடுத்தோம். நுகத்தடி கேட்டால் கொடுத்தோம். எங்கம்மா தண்ணீர் சேந்திக் கொடுக்கச் சொன்னாள். கொடுத்தோம் என்று கையை உயர்த்திவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன், விறகுக்கட்டையோடு வந்தாள். டாக்கி பார்க்காத கிழவர்கள்கூட என்னைக் கண்டால் வலது கையைத் தூக்க ஆரம்பித்தார்கள். ஊரே ஒரு மாதம் அதில் ஓடியது.

ஒரு நாள் எங்கள் தோட்டத்து மாமரத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் கீழே வந்து நின்றாள்.

"ராசா, அந்த மாங்கா?"

"கொடுத்தோம்!"

"அதுக்குப் பக்கத்துல ரண்டு?"

"கொடுத்தோம்!"

மடியில் பிடித்துக்கொண்டாள். போகாமல் நின்றாள். "மச்சான், இன்னொண்ணு கேக்கட்டுங்களா?"

"கேள் பெண்ணே! யானையா, குதிரையா?"

"ஒரே ஒரு நாளைக்குக் கேலி பண்ணாம இருங்க. எங்கய்யன் உங்களை ஒண்ணு கேக்கப் போறாரு. அன்னிக்கு மட்டும்."

நான் ஒரு கையால் கிளையைப் பிடித்துக்கொண்டு மறு கையை உயர்த்தினேன். "அது மட்டும் எம்மால் ஆகாது. வேண்டுமானால் கடிகாரத்தைக் கொடுத்தோம்!"

சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தபடி நின்றாள். நான் கீழே இறங்கியிருக்கலாம். இறங்கவில்லை. அவளைத்தான் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்பதில் எனக்கு ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை. காலையில் பொழுது விடிவது மாதிரி அது. அதைப் போய் யாராவது மரத்திலிருந்து இறங்கி வாயைத் திறந்து சொல்வார்களா?

சித்திரை கடைசியில் மறையூரிலிருந்து நாலு பேர் வந்தார்கள். எங்கள் ஆட்கள்தான், இரண்டு தலைமுறைக்கு முன்னால் மலை ஏறியவர்கள். பேச்சு மட்டும் கொஞ்சம் மதுரைப் பக்கம் சாய்ந்துவிட்டது. கரும்புக் காடும் வெல்லம் காய்ச்சுகிற ஆலையும் உள்ள குடும்பம். உடுமலைப்பேட்டைச் சந்தையில் மாமாவோடு பழக்கம். தங்கள் பையனுக்குப் பெண் கேட்டு வந்தார்கள்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. வெளியிலிருந்து பெண் கேட்டு வந்தால் தகப்பன் தானாக ஆகட்டும் என்று சொல்லிவிட முடியாது. முறைமாப்பிள்ளை இருந்தால் அவனை வந்தவர்கள் முன்னால் வைத்துக் கேட்க வேண்டும். தட்டில் வெற்றிலை பாக்கு இருக்கும். எனக்கு வேண்டும் என்று அவன் சொன்னால், வந்தவர்கள் மோர் குடித்துவிட்டு மனவருத்தம் இல்லாமல் எழுந்து போவார்கள். விட்டுக்கொடுக்கிறான் என்றால் வெற்றிலையைத் தன் கையால் எடுத்து அவர்களுக்குக் கொடுப்பான். அது கைமாறிவிட்டால் யாரும் திருப்ப முடியாது. கொடுத்தவனும் முடியாது.

மாமா ஆள் அனுப்பினார். கூட்டாளியும் நானும் போனோம். அவன் வாசலில் நின்றுகொண்டான். அத்தை என்னை ஓரமாக இழுத்துக் காதில் சொன்னாள். "கண்ணு, மாமனுக்கு இதுல இஷ்டமில்லை. மொகத்துல அடிச்சாப்பல இல்லீன்னு சொல்ல முடியலை. அதுக்குத்தான் உன்னையக் கூப்புட்டது. எனக்கு வேணுமுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லீட்டு உக்காரு, போதும்."

"சொல்லீர்றனுங்க அத்தை" என்றேன். சொல்லத்தான் உள்ளே போனேன். அதை ஒருவராவது நம்பினால் நன்றாயிருக்கும்.

நாலு பேரும் சமுக்காளத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தட்டு. மாமா என்னைப் பார்த்தார். எதிரில் இருந்தவர்களுக்குத் தெரியாமல் அவர் மீசைக்குள் ஒரு சிரிப்பு இருந்தது. என்ன பதில் வரும் என்று தெரிந்தவரின் சிரிப்பு.

"மாப்ள, இவங்க மறையூர்ல இருந்து வந்திருக்கறாங்க. நம்ம அம்மிணியக் கேக்கறாங்க. நீ முறைக்காரன். உன்ற ரோசனை என்ன, சொல்லு."

உள் அறைக் கதவு பாதி சாத்தியிருந்தது. கதவுக்குக் கீழே கிளிப்பச்சை ஓரம் தெரிந்தது. அவள் அங்கே நின்றுகொண்டிருந்தாள். கொட்டகையில் மூங்கில் தட்டி, இங்கே கதவு. முதலில் அதற்குப் பின்னாலிருந்து ஒரே ஒரு சிரிப்பு வரட்டும், அப்புறம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். நான் நினைத்தது அவ்வளவுதான்.

எழுந்து நின்றேன். தோள் துண்டைச் சரிசெய்தேன். தட்டிலிருந்து வெற்றிலையை எடுத்து வலது கையை உயர்த்தினேன். ராஜாவின் குரலிலேயே, "கொடுத்தோம்!" என்று சொல்லிப் பெரியவர் பக்கம் நீட்டினேன்.

கதவுக்குப் பின்னால் அந்தச் சிரிப்பு வந்தது. மூக்கில் தொடங்கி, அடக்கப் பார்த்து, தொபுக்கென்று விழுந்தது. விழுந்த வேகத்திலேயே பாதியில் நின்றது. சக்கரத்துக்குக் கட்டை வைத்தால் வண்டி நிற்குமே, அப்படி.

அதற்குள் மறையூர்ப் பெரியவர் இரண்டு கையாலும் வெற்றிலையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தார். அவர்கள் மலையில் டாக்கியும் இல்லை, கொட்டகையும் இல்லை. அவர் கண்டதெல்லாம், மரியாதையாக எழுந்து நின்று, சுத்தமான தமிழில் பேசி, மனசார விட்டுக்கொடுத்த ஒரு முறைமாப்பிள்ளையைத்தான்.

"ரொம்பச் சந்தோசம் தம்பி. பெரிய மனசோட எந்திரிச்சு நின்னு கைநீட்டிக் குடுத்துட்டீக. நாங்க மறக்கமாட்டோம்."

"இல்லீங்க, அது நா வெளையாட்டுக்கு... ஒரு டாக்கியில ஒரு ராசா..." என்று உளறினேன்.

கூட வந்திருந்தவர் முகம் சுருங்கியது. "வெளையாட்டா? தாம்பூலத்துலயா?" என்றார்.

 மாமாதான் பேசினார். "கூச்சப்படறானுங்க. நீங்க எடுத்துக்குங்க." பேசும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. மீசைக்குள் எதுவும் இல்லை.

அவர்கள் போன பிறகு மாமாவின் காலைப் பிடித்துக்கொண்டேன். "மாமா, எனக்கு அவதான் வேணுமுங்க. வாய் தவறிச் சொல்லிப்போட்டனுங்க. நாளைக்கே நா மறையூர் போய் அவங்க கால்ல உழறனுங்க."

"எந்திரிடா" என்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக என்னை மாப்ள என்று சொல்லவில்லை. "நீ வெளையாடறேன்னு எனக்குத் தெரியும். வாங்கிட்டுப் போனவங்களுக்குத் தெரியுமா? இப்பத் திருப்பிக் கேட்டா, வெத்தலை குடுத்துட்டுப் பொண்ணை மாத்தற ஊடுன்னு பேசுவாங்க. அதுக்குப் பொறவு எவன் வருவான் அவளுக்கு?"

"நா இருக்கறனுங்களே மாமா."

"நீ இருந்தயே, சித்த முன்னால."

மறுநாள் காலையில் கிணற்றடியில் அவளைப் பிடித்தேன். குடத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"நீ மாட்டேன்னு சொல்லு. அழுவு. ரண்டு நாளைக்குச் சோறு திங்காதே. உங்கய்யன் எறங்கி வந்துருவாரு."

குடத்தை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "மச்சான், இதை நீங்க நெசமாச் சொல்றீங்களா, வெளையாட்டா?"

"நெசம் புள்ளெ. சத்தியமா நெசம்."

சொன்ன குரல் எனக்கே ராஜாவின் குரல் மாதிரி கேட்டது. தொண்டையைக் கனைத்துவிட்டு மறுபடி சொன்னேன். அது இன்னும் மோசமாக வந்தது.

அவள் என் முகத்தையே பார்த்தாள். கோபமாக இருந்திருந்தால் தேவலை. தொலைந்துபோன சாமானைத் தேடுகிற மாதிரி பார்த்தாள். "எனக்குத் தெரியலீங்க. உங்க மொகத்துல எது நெசம்னு எனக்கு எப்பவுமே தெரிஞ்சதில்லீங்க மச்சான். சிரிக்கறது சுலுவா இருந்துது, சிரிச்சுட்டே இருந்துட்டன்."

 அவளே மேலே சொன்னாள். "அன்னிக்குக் கொட்டகையில நீங்கதான கத்துனீங்க, ஒரு வார்த்தை கேட்டியான்னு? நீங்களாவது என்னையக் கேப்பீங்கன்னு நெனச்சுத்தான் மாமரத்தடியில அத்தனை நேரம் நின்னனுங்க."

குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பினாள். அவளை நிறுத்த ஏதாவது சொல்லியாக வேண்டும். ஆயிரம் இருந்தது சொல்ல. என் வாயில் வந்தது இதுதான். "அந்தப் பாட்டுப் புத்தகத்தையாவது திருப்பிக் குடுத்துட்டுப் போ."

திரும்பாமலே சொன்னாள். "மாட்டனுங்க. அது நீங்க குடுத்தது."

வைகாசியில் கல்யாணம். விட்டுக்கொடுத்த முறைக்காரனுக்கு மணமேடையில் ஒரு வேட்டி கொடுத்து மரியாதை செய்வார்கள். எனக்கும் கொடுத்தார்கள். பெரியவர் தன் கையாலேயே தோளில் போட்டார். பந்தலில் இருந்த எல்லாரும் நான் ஏதாவது செய்வேன், சிரிக்கலாம் என்று தயாராக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கும்பிட்டுவிட்டு இறங்கினேன். அதற்கும் நாலைந்து பேர் சிரித்தார்கள். அந்த வேட்டி இன்னும் மடிப்புக் கலையாமல் பெட்டியில் கிடக்கிறது.

அவளுடைய சாமான் பெட்டியை ஏற்றிக்கொண்டு உடுமலைப்பேட்டை வரை கூட்டாளிதான் வண்டி ஓட்டினான். திரும்பி வந்த மூன்றாம் நாள், "புஸ்தகத்தைப் பெட்டியில வெக்கலடா, கையில வெச்சிருந்தா" என்றான். அப்புறம் மாட்டுக்குத் தீனி போடப் போய்விட்டான்.

இந்த வருடம் பங்குனியில் அதே டாக்கி சித்தூருக்கு மறுபடி வந்தது. போகக்கூடாது என்றுதான் இருந்தேன். கூட்டாளி ஒன்றும் கேட்காமல் வண்டியைக் கட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினான்; ஏறிக்கொண்டேன். கொட்டகைக்குப் புது ஓலை வேய்ந்திருந்தார்கள். ராஜாவின் மூக்கில் வெயில் இல்லை. கடிகாரம் இருந்தது, கான்வாசு சோடு இருந்தது, மலை மடிந்து விரிந்தது. மந்திரி பாடினார், எதிரி வாசலில் காத்திருந்தான். எனக்கு ஒவ்வொரு பாட்டும் மனப்பாடம். நான் ஒன்றும் கத்தவில்லை.

முனிவர் வந்து கேட்டு ராஜா கையை உயர்த்தியபோது, முன்னாலிருந்து வேறு எவனோ ஒருவன் என்னவோ கத்தினான். கொட்டகை சிரித்தது. தட்டிக்கு அந்தப் பக்கமும் சிரித்தார்கள். மலைக்கு மேலே ஒரு நாள் பயணத் தூரத்தில் இருக்கிறவளின் சிரிப்பை அந்தக் கூட்டத்தில் நான் தேடினேன். கத்தினவனை எழுந்து போய்ப் பிடித்து, வேண்டாமடா தம்பி என்று சொல்ல வேண்டும் போலிருந்தது.

பிறகு யானை வந்தது. குதிரை வந்தது. அந்தப் பெண் ஓடிவந்து ராஜாவின் பக்கத்தில் நின்றாள். ஓரத்தில் தாயத்துக் கட்டின கை எப்போது வரும் என்று எனக்குத் தெரியும். அது வருவதற்கு முன்னாலேயே துண்டால் முகத்தை மூடிக்கொண்டேன். ராஜாவுக்கு எல்லாம் திரும்பக் கிடைத்ததில் எனக்கு வயிற்றெரிச்சல் இல்லை. கிடைக்கட்டும். எல்லாம் பொய் என்று தெரிந்தே, அந்தக் கடைசிப் பாட்டு இன்னும் கொஞ்சம் நீளாதா என்றிருந்தது. கூட்டாளி என் பக்கம் திரும்பாமல், தன் துண்டையும் எடுத்து என் மடியில் போட்டான்.

இதை நாலு நாளாக எழுதினேன். நேற்றுச் சாயங்காலம் வரப்பில் உட்கார்ந்து அவனுக்கு முழுக்கப் படித்துக் காட்டினேன். ஒரு கடலைக்கொடியைப் பிய்த்துக்கொண்டே கேட்டான். கதவுக்குப் பின்னால் சிரிப்பு வந்த இடத்தில் கை நின்றது. அவனும் அன்று வாசலில் நின்று அதைக் கேட்டவன்தானே. முடித்ததும் நான் கேட்டேன்.

"என்னைக்காவது இது அவ கைக்குப் போய்ப் படிச்சான்னா, இதையாவது நெசம்னு நம்புவாளாடா?"

"சிரிப்பாடா, அன்னிக்குக் கதவுக்குப் பின்னால சிரிச்ச மாதிரியே. பாதியில நிறுத்திக்குவா."